போணி நேரத்தில் வாங்கிய பியானோ

1

நேற்றுக் காலை புந்தோங் மார்க்கெட்டுக்குப் போனேன். கீரை விற்கிறவள் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, நீங்கதான் இன்னிக்குப் போணி" என்றாள். எனக்கு வேண்டியது முருங்கைக்கீரை ஒரு கட்டு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கை கால் ஓடவில்லை. "இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டு மீன் கடைப் பக்கம் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். ஒரு சீனக் கிழவர் வந்து அவளிடம் வெங்காயத்தாள் வாங்கிய பிறகுதான் திரும்பிப் போனேன்.

"எங்கக்கா ஓடிட்டீங்க? நான் என்ன கடனா கேட்டேன்?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். ஒரு பியானோ வாங்கப் போய் எனக்கு இந்தப் பயம் வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். துறையூர்ப் பக்கத்துக்காரி. ஐந்தாவது வரை படிப்பு. கல்யாணமாகிக் கப்பலேறி, பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்க வந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். நான் மகனோடு ஈப்போவுக்கு வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. எழுதும்போது எதிரில் முகம் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் படித்துவிட்டு என்ன நினைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

எங்கள் ஹாலில் இப்போது ஒரு எலெக்ட்ரிக் பியானோ இருக்கிறது. அது இரண்டாவது. முதலாவது என்னால் வந்தது. மருமகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. என்னால் அவளுக்கு வீணாய்ப் போன வாரங்களை நினைத்தால் தட்டில் போட்ட சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

2

மருமகள் புஷ்பா லகாட்டுக்காரி. அவள் அப்பா அங்கே ஈயச் சுரங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தவர். கான்வென்டில் படிக்கும்போதே அவளைப் பியானோவுக்கு அனுப்பினார். வீட்டில் ஒரு பழைய மரப் பியானோவும் இருந்ததாம். ஈயத்தின் விலை விழுந்தது, சுரங்கத்தை மூடினார்கள், அவருக்கு வேலை போயிற்று, பியானோவும் போயிற்று.

அவளுக்கு டிப்ளோமா என்று ஒரு பெரிய பரீட்சை பாக்கி இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்வாராம். தேறிவிட்டால் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலையை விடலாம். அப்பாவுக்கு வேலை போன வருஷம் ஒரு தடவை தள்ளிப் போட்டாள். கல்யாணமான வருஷம் இன்னொரு தடவை. இந்த வருஷம் பெயர் கொடுத்துவிட்டாள்.

மகன் சேகர் தஞ்சோங் மாலிமில் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். அவனுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். சிநேகிதன் யாரோ கொடுத்தான் என்று ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து காட்டினான்.

"அம்மா, பியானோ இதுக்குள்ள இருக்கு."

"எங்கடா? கட்டை ஒண்ணும் காணோமே."

"சத்தம் மட்டும்தாம்மா இருக்கு. நெசப் பியானோவோட ஒவ்வொரு சத்தமா புடிச்சு இதுல வச்சிருக்கான். கட்டையை வெளியேருந்து வாங்கி கம்ப்யூட்டர்ல மாட்டணும்."

"அப்ப பாதிப் பியானோ வாங்குனா போதுமா?"

"அதேதான் லா. எங்க ஹெட்மாஸ்டருக்கு அரை மணி நேரம் சொன்னேன், அவருக்கு வெளங்கல." பேச்சோடு 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

புஷ்பாவின் டீச்சர் மிஸ் லியோங் கண்டிப்பான மனுஷி. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் சொன்னதைப் புஷ்பா வீட்டுக்கு வந்து எனக்கும் சொன்னாள். கடையில் கேட்கிற சத்தத்துக்கு மயங்கக் கூடாது, ஏனென்றால் சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வரப் போகிறது. கட்டையைத்தான் பார்க்க வேண்டும். மரப் பியானோவில் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு சுத்தியல் இருக்கிறது, அந்தக் கனம் விரலுக்குத் தெரிய வேண்டும். பரீட்சையில் வைத்திருப்பது மரப் பியானோ. லேசான கட்டையில் பழகிவிட்டு அங்கே போனால் விரல் ஏமாந்துவிடும். கட்டைகள் ஒன்று குறையாமல் இருக்க வேண்டும், காலில் மிதிக்கிற பெடல் வேண்டும், பின்னால் கம்ப்யூட்டர் வயர் சொருக வட்டமாகத் துளை வேண்டும். அவ்வளவுதான்.

வாங்குகிற காசில் பாதி என்னுடையது. என் வீட்டுக்காரருடைய சேமநிதிப் பணம் சும்மா கிடந்தது. புஷ்பா வேண்டாம் என்றாள், நான்தான் திணித்தேன். கொடுத்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

3

சேகருக்கு அந்தச் சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டுப் போட்டி. "நீங்க ரெண்டு பேரும் சும்மா பாத்துட்டு வாங்க, அடுத்த வாரம் நான் வந்து முடிச்சுக்கிறேன்" என்று போன் பண்ணினான். வெயிலுக்கு முன்னால் போய் வந்துவிடலாம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அவசரப்படுத்தியது நான். எதற்கும் இருக்கட்டும் என்று பணத்தையும் எடுத்துவரச் சொன்னேன்.

நாங்கள் பியானோக் கடைக்குப் போய் நிற்கும்போது தவுக்கே, அதாவது கடைக்காரச் சீன முதலாளி, அப்போதுதான் இரும்புக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சிவப்புச் சாமி மேடையில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "மாசோ, மாசோ, தங்கச்சி" என்று உள்ளே கூப்பிட்டார்.

பளபளவென்று ஒரு பெட்டி நடுவில் இருந்தது. அவர் ஒரு பட்டனைத் தட்ட, யாரும் தொடாமலே அது மத்தளத்தோடு ஒரு பாட்டு வாசித்தது. எனக்கு வாயெல்லாம் பல். புஷ்பா அதை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கட்டைகளை அழுத்திப் பார்த்தாள்.

"ரொம்ப லேசு அத்தை. விரலை வச்சாலே விழுந்துடுது."

கனமான கட்டை உள்ளது வேண்டும் என்று தவுக்கேயிடம் மலாயில் கேட்டாள். புதுசாக இல்லை, கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார்.

"அப்ப அடுத்த வாரம் வாரோம்" என்று புஷ்பா கைப்பையை எடுத்தாள். அவரும் "தாப்பா லா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சாமி மேடைப் பக்கம் திரும்பினார். ஏதோ துணியை எடுக்கத் திரும்பினாரோ என்னவோ. நான் புஷ்பாவின் கைப்பையைப் பிடித்து நிறுத்தினேன்.

"புஷ்பா, நாமதாம்மா போணி."

"இருக்கட்டும் அத்தை."

"ஊதுபத்தி இன்னும் அணையல. வெறுங்கையோட எறங்குனா அந்த மனுஷனுக்கு நாள் பூரா வெளங்காது."

"அத்தை, இது கத்திரிக்கா இல்ல லா."

"எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா. காலு வரமாட்டேங்குது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனாலும் "நீயே பாத்து எடும்மா" என்பேன். கேட்காத மாமியார் கேட்கிறாள், பாதிக் காசும் மாமியாருடையது. புஷ்பா வேறு என்ன செய்வாள்?

"சரி அத்தை. நான் பழகிக்கிறேன்" என்றாள்.

தவுக்கே முகம் மலர்ந்துவிட்டது. வாங்கிய நோட்டுகளால் சுற்றி நின்ற கிட்டார்களையும் பியானோக்களையும் ஒரு தட்டுத் தட்டினார். விற்கட்டும் என்று செய்கிற வழக்கம். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

4

என் அப்பா வளையல் வியாபாரி. வளையல் சரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். முதல் வீட்டில் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாதி வழியில் திரும்பிவிடுவார். கட்டிலில் உட்கார்ந்து யாரோடும் பேசமாட்டார். அம்மா எங்களை வெளியே போய் விளையாடச் சொல்லுவாள். போணி ஆகாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்தப் பயம் வேறு மாதிரி வளர்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், என்னைப் போல் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தாப்பா என்கிற ஊரில் இருந்த ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றோம். கிடைக்காதவர்கள் தட்டுமுட்டுச் சாமானை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலாயில் கேட்டதற்கெல்லாம் நான் "யா, யா" என்று தலையாட்டினேன். "இந்தியாவுக்கே திரும்பிப் போகிறாயா?" என்று கேட்டதற்கும் ஆட்டினேனாம். என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் குறுக்கே விழுந்து சொல்லிச் சரிசெய்தார். தோட்டத்து லயத்து வீடுகளில் ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து மேசையோ கல்லாவோ, அந்தப் பக்கம் இருக்கிறவர் முகம் கோணாமல் நான் வெளியே வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. மகன் இந்த நாட்டில் பிறந்தவன். அவனுக்கு இது புரியாது. புரிய வேண்டாம்.

ஆனால் அன்றைக்குக் கடையில் நான் காப்பாற்றியது அந்த மனுஷனின் முகத்தை மட்டும்தான். பக்கத்தில் நின்ற என் மருமகளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய வீடு, அதனால் புஷ்பா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிப்பாள். சத்தமெல்லாம் அவள் காதுக்குள் போய்விடும். எனக்குக் கேட்பது கட்டைகளின் டக் டக் மட்டும். முதல் வாரம் அது ஒரே ஓட்டமாக ஓடியது. பிறகு ஓடி ஓடி நிற்க ஆரம்பித்தது. நின்ற இடத்திலிருந்து மறுபடி, மறுபடி நின்று, மறுபடி. எட்டிப் பார்த்தால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லத்தை. டீ போடட்டுமா?"

மிஸ் லியோங் வீட்டுக்கு ஒரு நாள் நானும் துணைக்குப் போனேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த மிஸ் லியோங் எனக்குப் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னார். இவளுடைய விரல் சோம்பேறியாகிவிட்டது, மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் சத்தமே வரவில்லை, இப்படியே போனால் கஷ்டம். அப்புறம், "யார் அந்தப் பெட்டியைப் பொறுக்கியது?" என்று கேட்டார்.

"நான்தான் மிஸ்" என்றாள் புஷ்பா. நான் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். நான் பிறகும் திறக்கவில்லை.

சேகரிடமும் அப்படித்தான். "சும்மா பாத்துட்டு வான்னுதானே சொன்னேன்? எதுக்கு வாங்குன?" என்று அவன் கேட்டபோது, "எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றாள். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவிக்கொண்டேதான் இருந்தேன். அன்றைக்குத் தேவைக்கு மேல் ஒரு மூடி துருவிவிட்டேன்.

5

ஒரு சனிக்கிழமை காலை சேகர் கணக்குத் தீர்ப்பது போலப் பேசினான்.

"பரீட்சையை அடுத்த வருஷம் வச்சுக்கலாம் லா புஷ்பா. பேரை எடுத்துடு. இப்ப போய் என்னா செய்யப் போற?"

"சரி" என்றாள்.

கடையில் என்னிடம் சொன்ன அதே மாதிரி சரி. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டவள். அடுத்த வருஷம் ஒரு பிள்ளை வரலாம், சேகருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். எனக்கே ஏதாவது வந்து படுத்துவிட்டால் பார்க்கிறவள் அவள்தான். அடுத்த வருஷம் என்பது வராது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

"சேகர், அந்தப் பெட்டிய நான்தான் வாங்கச் சொன்னேன். அவ வேணாம்னுதான் சொன்னா."

"நீங்களா? ஒங்களுக்குப் பியானோவப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நாங்கதான் அன்னிக்குப் போணி. விட்டுட்டு வர எனக்கு மனசு வரல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"போணிக்குப் பியானோவா வாங்குவாங்க? அங்கேயே சின்னப் புல்லாங்குழல் தொங்குதே, அதுல ஒண்ணு வாங்கியிருந்தா அதுவும் போணிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவுக்குப் போணி செய்கிற வீடுகளில் பாதிப் பேர் கைப்பிள்ளைக்கு இரண்டு கருப்பு வளையல்தான் வாங்குவார்கள். அந்தக் காசையே அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வளையல்காரன் மகளுக்கு இது தெரியாதா? கடையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது தோன்றவே இல்லை. பயந்துபோனால் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை.

"விடு சேகர். அத்தைய ஏன் கேக்குற?" என்றாள் புஷ்பா.

"நீ சும்மா இரும்மா" என்றேன் அவளிடம். "இன்னிக்கே போய் மாத்துவோம். நான் பேசுறேன்."

"நீங்க பேசுவீங்களா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

6

பத்து மணிக்கு மேல்தான் போக வேண்டும் என்று நான் சொன்னேன். திருப்பிக் கொடுக்கிறதைப் போய் ஒருத்தருக்கு முதல் வியாபாரமாக்குவதா? சேகர் கம்ப்யூட்டரைப் பூப்போட்ட பாத்தேக் கைலியில் சுற்றிக் காரில் வைத்தான். எந்தப் பெட்டி கிடைத்தாலும் அங்கேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றான். லேசுக் கட்டைப் பெட்டி பின்சீட்டில் என் மடியில் பாதி, புஷ்பா மடியில் பாதி.

தவுக்கே எங்களை மறக்கவில்லை. நான் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தப்பு என்னுடையது, இவள் வேண்டாம் என்றாள், முதல் வாடிக்கை என்பதால் நான்தான் வாங்க வைத்தேன், இவளுக்குப் பரீட்சை.

அவர் கல்லா இழுப்பறையைச் சாத்தினார். பிறகு, "மக்சிக், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் விற்றது விற்றதுதான். காசு திரும்பத் தரமுடியாது" என்றார். பெரியம்மா என்று கூப்பிட்டுத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். கால் வாசல் பக்கம் திரும்பக்கூடச் செய்தது.

"காசு வேண்டாம். கனமான கட்டை வேண்டும்" என்றேன்.

மாடிப்படிக்குக் கீழே துணி போட்டு மூடியிருந்த ஒன்றை இழுத்தார். ஏதோ ஹோட்டலில் வாசித்துத் திரும்பி வந்த பெட்டியாம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது, அதனால் யாரும் வாங்கவில்லை. சொருகிக் காட்டினார். தகர டின்னுக்குள் யாரோ இருமுவது போல இருந்தது. அவருக்கே கூச்சமாகிவிட்டது. "இதை உங்களுக்குத் தர எனக்கே மனசில்லை" என்று அணைக்கப் போனார்.

புஷ்பா அவர் கையைத் தடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்திக்கொண்டு போனாள்.

"சேகர், இங்க பாரு. கீழ்ப்பக்கம் கனம், மேல போகப் போகக் கொறையுது. நெசப் பியானோ மாதிரியே."

"சத்தம்?"

"சத்தம் ஒன் கம்ப்யூட்டர்ல இருக்கு."

சேகர் கைலியை அவிழ்த்துக் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தான். கிட்டார்காரர்கள் மாட்டுகிற பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தவுக்கே கொடுத்தார். டிஸ்க்கைப் போட்டதும் அது கரகரவென்று நேரம் எடுத்துக்கொண்டது.

"இது முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலை செய்யுமா?" என்று தவுக்கே கேட்டார்.

"கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி லா" என்றான் சேகர். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

புஷ்பா வாசிக்க ஆரம்பித்தாள். இத்தனை நாளும் எனக்கு டக் டக் என்று மட்டும் கேட்டது இதுதானா என்று இருந்தது. நல்லதா கெட்டதா சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு இடத்தில் சத்தம் அவ்வளவு சன்னமாகப் போயிற்று, தெருவில் போன மோட்டார் சைக்கிளை நான் மனசுக்குள் திட்டினேன்.

நடுவில் தவுக்கே சம்சாரம் சாப்பாட்டுத் தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். அவர் வாசலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். புஷ்பா அதைக் கவனித்துவிட்டாள். வாசிப்பது நின்றது.

"போதும் அத்தை. நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கலாம்."

பாதிதான் வாசித்திருந்தாள், பெடலை மிதித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற சரி அது. என்னிடமிருந்துதான் இவளுக்கு ஒட்டியிருக்கிறது.

"பாதியில நிறுத்தாத. கடைசி வரைக்கும் வாசி. பெடலையும் பாரு."

"அவரு சாப்பிடணும் அத்தை."

"சாப்புடட்டும். நாம இருப்போம்."

தவுக்கே சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, கல்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"மொதல்லேருந்து வாசிம்மா" என்றேன்.